வெந்நீர் ஊற்றுகளும் சேலம், நாமக்கல் சமவெளியும்

வெந்நீர் ஊற்று என்பது நிலத்தின் ஆழத்தில் இயற்கையாகச் சூடேறிய நீர், எவரும் தோண்டாமலும் இறைக்காமலும் தானாகவே நிலத்தின் மேல் வந்து சுரக்கும் இடமாகும். இது வெந்நீரூற்று, சுடுநீர் ஊற்று என்றும் அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் வெந்நீர்க் கிணறு என்பர். கோயிலை ஒட்டி அமைந்த ஊற்றுகள் பெரும்பாலும் தீர்த்தம், குண்டம் ஆகிய பெயர்களைக் கொண்டுள்ளன.

இந்தியாவில் ஏறத்தாழ 340 வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்டுள்ளது. ஆனால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இயற்கையான வெந்நீர் ஊற்று எதுவும் அறியப்படவில்லை. மலைச் சுனைகளுக்கும் தீர்த்தங்களுக்கும் இங்கு குறைவில்லை. எனினும் அவை அனைத்தும் குளிர்ந்த நீர் ஊற்றுகளே. இப்பகுதியில் வெந்நீர் ஊற்று இல்லாததற்கான காரணம், வெந்நீர் ஊற்று எனத் தவறாகக் கருதப்படுபவை, இங்கிருந்து சென்று காணத்தக்க உண்மையான ஊற்றுகள், அங்கு பின்பற்ற வேண்டிய எச்சரிக்கைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எது வெந்நீர் ஊற்று?

ஒரு நீரைத் தொட்டவுடன் சூடாகத் தெரிவதால் மட்டும் அது வெந்நீர் ஊற்றாகிவிடாது. இதற்கு இரண்டு அளவுகோல்கள் வழக்கில் உள்ளன. முதலாவது, ஊற்று நீரின் வெப்பநிலை அவ்வூரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, மனித உடலின் வெப்பநிலையான 37 பாகை செல்சியஸை எல்லையாகக் கொள்வது.

முதல் அளவுகோலின்படி ஊருக்கு ஊர் எல்லை மாறும். குளிர்ந்த லடாக்கில் 20 பாகை நீரும் நிலத்தடிச் சூட்டின் அடையாளமாகலாம். சேலம் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. ஆகவே இங்கு 28 பாகையில் வரும் கிணற்று நீர் சாதாரண நிலத்தடி நீரே. 35 பாகைக்கு மேல், ஆண்டு முழுவதும் ஒரே அளவில், தானாகச் சுரக்கும் நீர் இருந்தால் மட்டுமே அதனை வெந்நீர் ஊற்றாகக் கருதி ஆராய இடமுண்டு.

நீர் எவ்வாறு சூடாகிறது?

வெந்நீர் ஊற்று என்றவுடன் பலருக்கும் எரிமலை நினைவுக்கு வரும். சப்பான், ஐசுலாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளில் அது உண்மை. நிலத்தின் மேலடுக்கில் உள்ள கற்குழம்பு அங்குள்ள நீரைச் சூடாக்குகிறது. ஆனால் எரிமலை இல்லாத இடங்களிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. இந்தியப் பெருநிலத்தின் ஊற்றுகள் பெரும்பாலும் இத்தகையவை.

பூமிக்குள் செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. உலகின் பெரும்பாலான கண்டப் பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பநிலை உயர்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் இறங்கினால், அங்குள்ள பாறையின் சூட்டை அது ஏற்றுக்கொள்கிறது. சூடேறிய நீரின் அடர்த்தி குறைகிறது. மேலிருந்து தொடர்ந்து இறங்கும் குளிர்ந்த நீரின் அழுத்தமும் அதனைத் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்படும் நீருக்கு நேராக மேலே வரும் வழி ஒன்று கிடைத்தால், அது ஆறுவதற்கு முன் நிலத்தை அடைந்துவிடும்.

எனவே எரிமலை இல்லாத நிலத்தில் வெந்நீர் ஊற்று அமைய மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, மழைநீர் மிக ஆழம்வரை இறங்குவதற்கு வழி வேண்டும். இரண்டாவது, அந்த ஆழத்தில் போதுமான சூடு வேண்டும். மூன்றாவது, சூடான நீர் விரைந்து மேலே வருவதற்குத் திறந்த முறிவு வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஊற்றில் வெந்நீர் கிடைக்காது. மெதுவாக ஏறும் நீர் வழியிலேயே தன் சூட்டைப் பாறைக்குக் கொடுத்துவிட்டுச் சாதாரண நீராகவே வெளிவரும்.

சேலம், நாமக்கல் பகுதியில் ஏன் இல்லை?

சேர்வராயன் மலையின் சார்னோக்கைட்டுப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. அவற்றைச் சுற்றியுள்ள சமவெளியின் அடிப்பாறையும் மிகப் பழைமையான, இறுகிய, ஆறிப்போன பாறையே. இத்தகைய பழைய நிலப்பகுதிகளில் உள்ளிருந்து மேலே வரும் வெப்பம் குறைவு.

இதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. சேலத்திற்கு வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட அச்சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. அதன் அடியில் பாறையின் வெப்பநிலை 65 பாகையை ஒட்டி இருந்தது. அங்குள்ள தரையின் வெப்பநிலையைக் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 பாகை மட்டுமே கூடியிருக்கிறது. இது உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு.

இதே கணக்கைச் சேலத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். 28 பாகையில் உள்ள நீர் 50 பாகையை அடைய வேண்டுமானால், அது கிட்டத்தட்ட 2 கி.மீ. ஆழம் சென்று வர வேண்டும். மேலே வரும் வழியில் ஆறுவதையும் சேர்த்தால் இன்னும் ஆழம் தேவை.

அவ்வளவு ஆழம் செல்ல வழி உண்டா என்பது அடுத்த கேள்வி. இப்பகுதியில் பாறை முறிவுகள் இல்லாமல் இல்லை. மோயாறு–பவானி, சேலம்–ஆத்தூர் ஆகிய பெரும் பிளவு மண்டலங்களைப் புவியியலாளர் அடையாளம் கண்டுள்ளனர். ஆனால் அவை மிகப் பழங்காலத்தில் உருவாகி, ஆழத்தில் அழுந்தி, பல இடங்களில் கனிமங்களால் அடைபட்டவை. ஆறிய காயத்தின் தழும்பு போன்றவை எனலாம். இங்கு நீர் தாராளமாக ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் மேலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே அமைகின்றன. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைகின்றன. ஆழ்துளைக் கிணறு போடுபவர்கள், குறிப்பிட்ட ஆழத்திற்குக் கீழே வெறும் பாறைத் தூளே வருவதைப் பார்த்திருப்பர்.

மழையளவும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் பெய்யும் மழையோடு ஒப்பிட்டால் இச்சமவெளியின் மழை மிகக் குறைவு. ஆழத்திற்கு இறங்கும் நீரும் அதற்கேற்பக் குறைவே.

இப்பகுதியின் குளிர்ந்த ஊற்றுகள்

வெந்நீர் ஊற்று இல்லையென்றாலும் இப்பகுதி ஊற்றுகளுக்குப் பெயர்பெற்றது. சேலம் நகரின் தெற்கே முருகன் கோயில் கொண்ட ஊத்துமலை தன் பெயரிலேயே ஊற்றைக் கொண்டுள்ளது. இளம்பிள்ளைக்கு அருகே கஞ்சமலையின் அடிவாரத்தில் சித்தர் கோயில் உள்ளது. அங்குள்ள நீரில் குளித்தால் தோல்நோய் தீரும் என்பது மக்கள் நம்பிக்கை. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஐயாறு ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அதனை அடையலாம். வடக்கே தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த தீர்த்தமலையில், பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தம் உள்ளிட்ட பல தீர்த்தங்கள் உள்ளன.

இவை அனைத்திலும் நிகழ்வது ஒன்றே. மலையின் மேல் பெய்த மழை மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் இறங்கி, சில பத்து மீட்டர் ஆழத்திலேயே பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் அல்லது அடிவாரத்தில் கசிகிறது. பூமியின் உட்சூட்டைத் தொடும் ஆழத்திற்கு அது செல்வதே இல்லை. அதனால்தான் கோடையிலும் சுனைநீர் குளிர்ந்திருக்கிறது. அதே காரணத்தால், மழை பொய்த்த ஆண்டில் பல சுனைகள் வற்றியும் விடுகின்றன.

வெந்நீர் ஊற்று எனத் தவறாகக் கருதப்படுபவை

நிலத்திலிருந்து சூடான நீர் வருகிறது என்ற செய்தி இப்பகுதியில் அவ்வப்போது எழுவதுண்டு. அவற்றுக்கு வேறு விளக்கங்கள் உள்ளன.

மார்கழி மாதக் கிணற்று நீர்: அதிகாலையில் பம்புசெட்டில் விழும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில நாள்களில் அதிலிருந்து ஆவி எழுவதும் தெரியும். நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாமல் 28 பாகையை ஒட்டியே இருக்கிறது. வெளிக்காற்று 20 பாகைக்குக் குறையும்போது அதே நீர் நம் கைக்குச் சூடாகத் தெரிகிறது. சித்திரை வெயிலில் அதே நீர் குளிர்ச்சியாகத் தெரியும். மாறுவது காற்று; நீர் அன்று.

ஆழ்துளைக் கிணற்று நீர்: 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் பாறை, மேலடுக்கைவிட நான்கைந்து பாகை கூடுதலான சூட்டில் இருக்கும். அங்கிருந்து ஏற்றப்படும் நீர் 32, 33 பாகையில் வருவது இயல்பு. நீரில் மூழ்கி ஓடும் மோட்டாரின் சூடும் அதில் சேரும். குழியில் நீர் குறைந்து மோட்டார் திணறும்போது சூடு மேலும் கூடும்.

குழாய் நீர்: வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாயும் மாடித் தொட்டியும் நீரை எளிதில் 40 பாகைக்கு மேல் ஏற்றிவிடும். சில நிமிடம் திறந்துவிட்டால் சூடு குறைந்துவிடும்.

ஆலை நீர்: சாயப் பட்டறை, சவ்வரிசி ஆலை போன்றவற்றிலிருந்து வரும் நீர் ஓடையில் வெதுவெதுப்பாகக் கலக்கலாம். மரவள்ளிக் கழிவு புளித்து அழுகும்போது எழும் நாற்றத்தைக் கந்தக மணம் என எண்ணிவிடவும் கூடும்.

அழுகிய முட்டை மணம்: கந்தக மணம் வீசும் நீரெல்லாம் வெந்நீர் ஊற்றைச் சேர்ந்ததன்று. நீண்ட நாள் இறைக்காத கிணற்றில் இலைதழை மட்கும்போது, காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைடு வளிமத்தை உண்டாக்குகின்றன. இத்தகைய கிணற்றில் இறங்குவது உயிருக்கே ஆபத்தானது.

சோதித்து அறியும் முறை

ஐயத்திற்குரிய நீர்நிலை ஒன்று உங்கள் ஊரில் இருந்தால், மாணவர்களே எளிதாகச் சோதிக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் உள்ள 110 பாகை வரை காட்டும் வெப்பமானி போதும். உடல் வெப்பமானி இதற்குப் பயன்படாது.

நீர் வெளிவரும் இடத்திலேயே வெப்பமானியை வைத்து, இரண்டு நிமிடம் கழித்து, நீருக்குள் இருக்கும்போதே அளவைப் படிக்க வேண்டும். விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளந்து, நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். இதே அளவீட்டை மே மாதத்திலும் திசம்பர் மாதத்திலும் செய்ய வேண்டும். பக்கத்தில் உள்ள ஒரு சாதாரணத் திறந்த கிணற்றின் நீரையும் ஒப்பீட்டுக்கு அளப்பது நல்லது.

பகலில் ஏறி இரவில் இறங்கினால் அது வெயில் சூடு. திறந்த கிணற்று நீரின் அளவே இருந்தால் அது சாதாரண ஊற்று. மோட்டார் ஓடும்போது மட்டும் சூடாக வந்தால் அது ஆழ்துளைக் கிணற்றுச் சூடு. நான்கு அளவீடுகளும் 35 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, நீரும் தானாகவே சுரந்தால், மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்திற்குத் தெரிவிக்கலாம்.

சென்று காணத்தக்க அருகிலுள்ள ஊற்றுகள்

பெந்துரு தீர்த்தம், கர்நாடகம்

சேலத்திற்கு மிக அருகில் உள்ள, பெயர்பெற்ற வெந்நீர் ஊற்று இதுவே. கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில், புத்தூர் வட்டத்தின் இர்தே ஊரில், ஒரு சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ளது. பெந்துரு என்னும் துளுச் சொல் வெந்நீரையே குறிக்கிறது. தமிழின் வெந்நீருக்கு அது உறவுச்சொல். நீரின் சூடு உடல் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கொதிநீரை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவு என்றாலும், மைசூரு, மடிக்கேரி வழியாகச் சாலையில் 400 கி.மீ.க்கும் மேல் செல்ல வேண்டும். கோடையில் புறப்படும் முன் நீர் இருப்பதைப் புத்தூரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கன்னியா, இலங்கை

தமிழர் வாழ்வோடு மிக நெருங்கிய வெந்நீர் ஊற்று கன்னியா ஆகும். திருகோணமலை நகருக்கு வடமேற்கே, அநுராதபுரம் செல்லும் வீதியை ஒட்டி, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சேலத்திலிருந்து நேர்கோட்டில் 470 கி.மீ. அளவே ஆனாலும் கடல் கடந்து செல்ல வேண்டியது. இங்கு சிறிய சதுரக் கட்டுகளாக ஏழு கிணறுகள் உள்ளன. அவை ஆழமற்றவை, உள்ளே இறங்காமல் வாளியில் மொண்டு குளிப்பதே வழக்கம். நீர் 40 பாகையை ஒட்டியது. ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் சூடு சற்று வேறுபடும்.

தன் தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தியபோது இவ்வூற்றுகள் தோன்றின என்பது தொன்மக் கதை. அதனை ஒட்டி, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கடன்களைச் சைவத் தமிழர் இங்கு செய்து வந்துள்ளனர். உள்நாட்டுப் போருக்குப் பின் இவ்விடம் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. இடத்தின் வரலாறு, வழிபாட்டு உரிமை ஆகியவை குறித்துத் தமிழருக்கும் பௌத்தத் தரப்பினருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. 2019 சூலையில் தமிழர்கள் இங்கு கவனயீர்ப்புப் போராட்டம் நடத்தினர். ஆகவே கன்னியாவுக்குச் செல்பவர், அது குளிக்கும் இடம் மட்டுமன்று, பலருக்குத் தம் முன்னோரை நினைக்கும் இடமும் ஆகும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இலங்கையில் இதுபோலப் பத்தளவில் வெந்நீர் ஊற்றிடங்கள் உள்ளன. மட்டக்களப்புக்கு மேற்கே உள்ள மகா ஓயாவில் நீர் 50 பாகைக்கு மேல் சூடானது. தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மகாபெலெச ஊற்று உள்ளது. இலங்கையிலும் எரிமலை இல்லை. அங்குள்ள பாறையும் சேலத்துப் பாறையைப் போலவே மிகப் பழைமையானது. ஆயினும் அத்தீவின் உயர்நிலத் தொகுதி, விசயன் தொகுதி எனப்படும் இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டி நீர் ஆழம் சென்று திரும்ப வழி உள்ளது. பழைய பாறை மட்டுமே தடையன்று, திறந்த வழி இருந்தால் அங்கும் வெந்நீர் வரும் என்பதற்குக் கன்னியா சான்று.

நாமக்கல் பகுதியினர் திருச்சிராப்பள்ளியிலிருந்து வானூர்தி மூலம் கொழும்பு சென்று, அங்கிருந்து திருகோணமலையை அடையலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சேவை இன்னொரு வழி. அது பருவநிலையைப் பொறுத்து இடைநிறுத்தப்படுவதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கோதாவரிப் பள்ளத்தாக்கு, தெலங்கானா

மணுகூரு வட்டாரத்தில் நிலக்கரிக்காக இட்ட துளைகளிலிருந்து வெந்நீர் தானாகவே பீறிட்டு வந்தது. நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் இங்கு நீர் ஆழம் செல்ல வழி உள்ளது. இந்நீரின் சூட்டைக் கொண்டு 20 கிலோவாட் திறனுள்ள சோதனை மின் நிலையம் ஒன்று பகிடேரு என்னும் இடத்தில் அமைக்கப்பட்டது. மனிதர் இட்ட துளை என்பதால் இதனை இயற்கை ஊற்று என்று சொல்வதற்கில்லை.

மகாராட்டிரமும் ஒடிசாவும்

மும்பைக்கு வடக்கே வச்ரேசுவரி, கணேசுபுரி ஆகிய இடங்களிலிருந்து தெற்கே இரத்தினகிரி மாவட்டம் வரை, கொங்கண் கடற்கரையை ஒட்டி வரிசையாக வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அங்குள்ள கருங்கல் பழைய எரிமலைக் குழம்பு உறைந்ததே. ஆனால் அவ்வெரிமலை ஓய்ந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய சூடு அதனுடையது அன்று. ஆழமான முறிவுகளில் இறங்கி ஏறும் மழைநீரின் சூடே. ஒடிசாவில் கோர்தா மாவட்டத்தின் அத்ரி, கஞ்சம் மாவட்டத்தின் தப்தபாணி ஆகியவை பெயர்பெற்றவை. இரண்டிலும் குளிப்பதற்கான ஏற்பாடுகள் உள்ளன.

தொலைவில் உள்ளவை

இமயமலைப் பகுதியில் நிலத்தட்டுகள் மோதுவதால் முறிவுகள் புதியனவாகவும் சூடு மிகுந்தும் உள்ளன. இமாச்சலத்தின் மணிகரணில் ஊற்று நீரிலேயே அரிசியும் பருப்பும் வேகின்றன. பத்ரிநாத்தின் தப்த குண்டத்தில் நீராடியே கோயிலுக்குள் செல்வர். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்னாக்கத்திற்கான ஒப்பந்தம் 2021இல் கையெழுத்தானது.

சிங்கப்பூரில் வாழும் தமிழர்களுக்கு நகருக்குள்ளேயே செம்பவாங் வெந்நீர் ஊற்று உண்டு. கருங்கல் பாறையிலிருந்து ஏறத்தாழ 70 பாகையில் வரும் அந்நீரில் முட்டை வேகவைப்பது பார்வையாளர்களின் வழக்கம்.

வெந்நீர் ஊற்றில் நோய் தீருமா?

வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் இருந்தால் தசைப்பிடிப்பும் மூட்டுவலியும் தற்காலிகமாகக் குறையும். இந்தப் பயன் வீட்டில் காய்ச்சிய வெந்நீரிலும் கிடைக்கும். கந்தகம் கலந்த நீர் சில தோல் அரிப்புகளுக்கு இதம் தரலாம். வெண்புள்ளி, தொழுநோய், நீரிழிவுப் புண் ஆகியவற்றை ஊற்று நீர் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. தீர்த்தத்தை நம்பி மருந்தை நிறுத்துவதால் ஏற்படும் கேடு பெரிது. நம்பிக்கையோடு நீராடுவதும், மருத்துவர் தந்த மருந்தைத் தொடர்வதும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

பாதுகாப்பு

சூடு: குளிப்பதற்கு 40 பாகை வரையிலான நீரே ஏற்றது. 60 பாகை நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். காலை வைப்பதற்கு முன் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால், அவர்கள் மற்றவரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நேரம்: பத்து அல்லது பதினைந்து நிமிடத்திற்கு மேல் வெந்நீரில் அமரக் கூடாது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டபின் செல்வது நல்லது. எழும்போது தலைசுற்றலாம்; குழந்தைகளையும் முதியவர்களையும் தனியே விடக் கூடாது.

மூக்கு: வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியாக மூளையை அடைந்து உயிர்க்கொல்லி நோயை உண்டாக்கும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இத்தகைய அமீபா நோய் பலரைத் தாக்கியது. வெந்நீர்க் குளத்தில் தலையை மூழ்கடிக்காமலும், மூக்கில் நீர் ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடித்தல்: ஆழத்தில் சூடேறிய நீர் பாறையிலிருந்து புளோரைடு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். தீர்த்தமாகச் சில துளி அருந்துவது வேறு. புட்டியில் நிரப்பி வந்து நாள்தோறும் குடிப்பது வேறு.

ஆழத்து நீர் சொல்லும் செய்தி

புளோரைடு பற்றிய எச்சரிக்கை, வெந்நீர் ஊற்றே இல்லாத சேலம், நாமக்கல் பகுதிக்கும் பொருந்தும். இந்தியத் தர அளவுகளின்படி குடிநீரில் புளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் இந்த எல்லையைத் தாண்டுகிறது. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு இறுக்கமும் அதன் விளைவுகள். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். நீர் பாறையோடு நீண்ட காலம் சேர்ந்திருந்தால் புளோரைடு கூடும். பழைய திறந்த கிணறுகள் தந்த நீர் ஓரிரு மழைக்காலத்து நீர். ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வருவது நெடுங்காலமாகப் பாறையில் தங்கியிருந்த நீர்.

ஆகவே இச்சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வெதுவெதுப்பான நீர் வந்தால், அது வெந்நீர் ஊற்று கிடைத்ததற்கான அறிகுறி அன்று. நீர் எவ்வளவு ஆழத்திற்குப் போய்விட்டது என்பதன் அறிகுறி. அந்நீரை வேடிக்கை பார்ப்பதைவிட, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் புளோரைடு அளவைச் சோதிப்பதே முதலில் செய்ய வேண்டியது.

இயற்கை வெந்நீர் ஊற்றுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஊற்றைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால், மேலே வரும் நீரின் அழுத்தம் குறைந்து, சூடும் அளவும் சரிந்து, இறுதியில் ஊற்று நின்றுபோகும். வெந்நீர் ஊற்றுக்குச் செல்பவர் சோப்பு, சாம்பு, நெகிழிப் பைகள் ஆகியவற்றைத் தவிர்ப்பது அவ்விடத்துத் தூய்மைக்கு உதவும். கஞ்சமலை, தீர்த்தமலை, கொல்லிமலைச் சுனைகளுக்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். சூடு இல்லாவிட்டாலும் இம்மாவட்டங்களில் தோண்டாமல், இறைக்காமல் கிடைக்கும் நீர் அவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளது.